பெட்டிக்கு ஒரு கதவு

நீரேற்று நிலையத்தின் மின்பெட்டிக்குக் கதவு கிடையாது. முன்பு இருந்தது. கீல் துருப்பிடித்து ஒருநாள் அதுவாகவே கழன்று விழுந்தது. விழுந்த கதவைக் கிடங்குப் பிரிவு ஆட்கள் வந்து பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாரியத்தின் சொத்து எதுவும் தரையில் கிடக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சுவரில் திறந்து கிடப்பதைப் பற்றி விதி எதுவும் இல்லை.

ஊர் முழுவதற்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் மெயின் சுவிட்ச், ஸ்டார்ட்டர், ஃபியூஸ் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. தகரத்தில் செய்து சாம்பல் வண்ணம் அடித்த பெட்டி. விளிம்பில் ஓடிய ரப்பர் பட்டையை எலி தின்றுவிட்டது. அடியில் கேபிள் நுழையும் ஓட்டைகளை யாரும் அடைக்காததால் எலி வந்த வழி அப்படியே இருந்தது. எர்த் கம்பி பாதி தூரத்தில் துருவாகி உதிர்ந்துவிட்டது. ஈரம் ஏறினால் பெட்டியின் உடம்பிலேயே மின்சாரம் பாயும். நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் அறைக்கு எந்தக் காலம் ஈரமில்லாத காலம்?

மோட்டாரைப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. தரையில் கிடக்கும் மரப்பலகையின் மேல் ஏறி நிற்க வேண்டும். கையை நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். துடைப்பக் கழியின் நுனியால் பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். அப்போது மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது அவசியம். சும்மா இருக்கிற கைதான் எதையாவது போய்த் தொடும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் முந்தைய ஆபரேட்டர். ஒரு மழை நாள் காலையில், ஜன்னல் வழியே சாரல் அடித்துப் பலகையும் கழியும் ஊறிப்போயிருந்த நேரத்தில், அவர் தம் முறைப்படியே பட்டனை அமுக்கி இறந்துபோனார்.

வாரியம் விசாரணை நடத்தியது. அறிக்கை சுருக்கமாக இருந்தது: ‘பணியாளர் பணியைத் தொட்டதால் மரணம் நேர்ந்துள்ளது.’

அவர் இடத்துக்கு அவருடைய மனைவியின் தம்பியே வந்து சேர்ந்தார். நிலையத்தில் அவருக்குப் ‘புதுசு’ என்று பெயர் வைத்தார்கள். மீசையில் நரை விழுந்த பிறகும் அந்தப் பெயர் பழசாகவில்லை. புதுசுவுக்கு வேறு குடும்பம் இல்லை. அக்கா வீட்டில்தான் இருந்தார். தினமும் காலையில் அவர் கிளம்பியதும் அக்கா சமையலறைக் குழாயைத் திறந்துவைத்துவிட்டு அதன் எதிரில் நின்றுகொள்வாள்.

“குழாயில தண்ணி வந்துடுச்சுன்னா நான் நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுக்க வேண்டியதுதானே அக்கா? எதுக்கு மத்தியானம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறே?”

“தண்ணி வந்தா நீ பட்டனை அமுக்கிட்டேன்னு தெரியும். அமுக்கினப்புறம் நீ இருக்கியா இல்லையான்னு குழாய் சொல்லாதுடா. ஒங்கத்தான் போன அன்னிக்கு என்ன வேகமாத் தண்ணி வந்துச்சு தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி கூடச் சொன்னா, இன்னிக்கு நல்லா வருதுன்னு.” அதற்குமேல் அவள் பேசினால் ஒரே ஒரு பேச்சுத்தான். “நம்ம வீட்டு ஆளு ஒருத்தரை அந்தப் பெட்டி வெச்சுக்கிச்சு. நீ வீடு வந்து சேரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

மோட்டார் அறையில் தாம் தனியாக இல்லை என்பது புதுசுவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வலப்பக்கச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகும் கழி மறுநாள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அத்தான் இடது கைக்காரர். ஒருநாள் புதுசு ஏதோ நினைப்பில் பலகையில் ஏறாமலே கழியை நீட்டிவிட்டார். பிடரிக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வீட்டுக்குள் நுழையும்போது அத்தான் செருமுவாரே, அதே செருமல். புதுசு கையை இழுத்துக்கொண்டு திரும்பினார். மோட்டார் மட்டும் இருந்தது. பலகையின் மேல் இரண்டு வெறுங்கால்களின் ஈரத் தடம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரங்களிலிருந்து காய்ந்து சின்னதாகி, குழந்தையின் கால் அளவாகி, இல்லாமல் போயிற்று.

அன்று மாலை அவர் வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். பெட்டிக்கு ஒரு கதவு வேண்டும் என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை.

விண்ணப்பம் எத்தனையோ மேசைகளில் தங்கி இளைப்பாறிய பின் பதில் வந்தது. கதவு தனியாகக் கொள்முதல் செய்யப்படுவதில்லை. முழுப் பெட்டியாகவே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அதற்கென ‘உயர்நிலை மின்சாதன அடைப்புத் தேர்வுக் குழு’ அமைக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பதாரர் நேரில் வரவும்.

குழு கூடும் அறை முழுக்கப் பெட்டிகள். தகரப் பெட்டி, அலுமினியப் பெட்டி, ஃபைபர் பெட்டி, கண்ணாடி போல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் அழகான கதவு இருந்தது. ஒன்றில் தலைவர் மூக்குக் கண்ணாடி வைத்திருந்தார். இன்னொன்றில் கொள்முதல் அதிகாரி பிஸ்கட் வைத்திருந்தார். பிஸ்கட் நமுத்துப் போகவில்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

“சார், இதுல ஒண்ணு குடுத்தாக்கூடப் போதும்,” என்றார் புதுசு.

“அதெல்லாம் மாதிரி. மாதிரியை எடுத்துப் பயன்படுத்திட்டா, அப்புறம் எதைப் பாத்துத் தேர்ந்தெடுக்கறது?” என்றார் கொள்முதல் அதிகாரி.

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். “நீங்க கதவு கேட்டிருக்கீங்க. அங்கதான் தப்பு. கதவுன்னு தனியா ஒண்ணு உலகத்துல கிடையாது. பெட்டி மூடியிருக்க ஆசைப்படுது பாருங்க, அந்த ஆசைக்குப் பேருதான் கதவு. உங்க பெட்டிக்கு அந்த ஆசை போயிடுச்சு. ஏன் போச்சு? அதைத்தான் இந்தக் குழு ஆராயப் போகுது.”

குழுவில் மூன்றாமவர் பாதுகாப்பு அதிகாரி. உள்ளே வரும்போதே தலைக்கவசம் அணிந்திருந்தார். உட்கார்ந்த பிறகும் கழற்றவில்லை. பெட்டி என்றால் அதற்கு இரண்டு எண் உண்டு என்று அவர் விளக்கினார். முதல் எண், எவ்வளவு பெரிய பொருள் உள்ளே போகாது என்பதற்கு. கை, விரல், கம்பி, தூசி என்று படிப்படியாக ஏறும். இரண்டாவது எண் தண்ணீருக்கு. சொட்டு, சாரல், பீய்ச்சல், மூழ்கல்.

“இப்ப சொல்லுங்க. உங்க பெட்டிக்குள்ள என்ன வருது? அதைச் சொன்னாத்தான் நான் எண் போட முடியும்.”

“எலி வருது சார்.”

“எத்தனை தடிமன்?”

“ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது சார்.”

“நடுத்தரமான எலியாச் சொல்லுங்க.”

புதுசு விரலால் காட்டினார். பாதுகாப்பு அதிகாரி அளவுநாடாவை அந்த விரல்களுக்கிடையில் வைத்துக் குறித்துக்கொண்டார். “அடுத்தது?”

“பல்லி. சாரல். மோட்டார் சூட்டுல நீராவி.”

“அப்புறம்?”

கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிப் பழகியவர் புதுசு. கொஞ்சம் தயங்கிவிட்டு, “எங்கத்தான் வர்றாரு சார்,” என்றார்.

கொள்முதல் அதிகாரி பிஸ்கட் பெட்டியின் கதவை மெதுவாகச் சாத்தினார்.

“அந்த... முந்தைய பணியாளரா?”

“ஆமா சார்.”

பாதுகாப்பு அதிகாரி பேனாவைத் திறந்தார். “திடப்பொருளாவா, திரவமாவா?”

“கால் தடம் ஈரமா இருக்கும் சார். ஆனா அவரு பெட்டிக்குள்ள வரமாட்டாரு. எனக்குப் பின்னாலதான் நிப்பாரு. நான் தப்புப் பண்ணாச் செருமுவாரு. அவ்வளவுதான்.”

இப்படிச் சொன்னதற்காக வேலையை விட்டுத் துரத்தப்போகிறார்கள் என்று புதுசு நினைத்தார். தலைவரின் முகமோ விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. எழுந்து நின்றே பேசினார்.

“நண்பர்களே, இத்தனை நாளா நாம எதுக்குத் தடுமாறினோம்? சாவுக்குக் காரணம் தண்ணின்னு எழுதினா, ஜன்னலுக்கு யாரு பொறுப்புன்னு கேள்வி வரும். எலின்னு எழுதினா, ஓட்டையை யாரு விட்டாங்கன்னு கேள்வி வரும். கதவுன்னு எழுதினா... வேணாம், அதை விடுங்க. எந்தக் காரணத்தை எழுதினாலும் அதுக்குப் பின்னால நம்மள்ல ஒருத்தர் உக்காந்திருக்கோம். இப்பத்தான் முதல் தடவையா, பின்னால யாருமே இல்லாத ஒரு காரணம் கிடைச்சிருக்கு. அந்த நிலையத்துல ஆவி நடமாட்டம் இருக்கு! இவரு வாயாலேயே வந்திருக்கு. இதைவிடத் தூய்மையான காரணம் வாரியத்தோட சரித்திரத்துலேயே கிடையாது.”

“சார், அத்தான் செத்தப்புறம்தானே சார் ஆவியா ஆனாரு? அவரு சாவுக்கு அவரே எப்படி...” என்று புதுசு ஆரம்பித்தார்.

“வரிசைமுறையெல்லாம் துணைக்குழு பாத்துக்கும்,” என்றார் தலைவர்.

இரண்டு எண்ணோடு மூன்றாவதாக ஒரு எண் சேர்க்க அன்றே முடிவாயிற்று. இறந்தவர்கள் எந்த அளவுக்கு உள்ளே வர முடியாது என்பதை அந்த எண் சொல்லும்.

பிறகு குழு நிலையத்தைப் பார்வையிட வந்தது. மூன்று பேரும் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்கள். உள்ளே வருமாறு புதுசு அழைத்தபோது, “பார்வையிடறதுன்னா பார்வைதான் உள்ள வரணும்,” என்றார் தலைவர். நிலையத்து வயர்மேன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் தலைகீழாகப் பார்த்துச் சிரிக்கிற ஆள் அவர்.

“ஒரு தகரத்தை வெட்டி நானே மாட்டிடுவேன்யா,” என்றார் புதுசுவின் காதருகில். “கேட்டேன். குழு இருக்கும்போது மாட்டினா அது தன்னிச்சையான தேர்வாம். குழு இல்லாதப்ப மாட்டலாமான்னு கேட்டேன். குழு எப்பவும் இருக்குமாம்.”

பாதுகாப்பு அதிகாரி பலகையைப் பார்த்து உரக்கப் பேசினார். “ஐயா, வாரியத்துலேர்ந்து வந்திருக்கோம். புதுப் பெட்டி சம்பந்தமா உங்க கருத்து என்ன?”

அறை மூலையிலிருந்து செருமல் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. பெட்டிக்குள் இருந்த எலிகூட ஓட்டை வழியாக இறங்கி ஓடிற்று. கொள்முதல் அதிகாரி குடையை விரித்துக்கொண்டார், மழை இல்லை. தலைவர் மட்டும் தலையை ஆட்டி, “பயன்படுத்துபவருடன் கலந்தாலோசிக்கப்பட்டது. மறுப்பு இல்லை. அப்படியே எழுதிக்குங்க,” என்றார். அதற்குள் காரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

வெகுகாலம் கழித்து ஒரு லாரியில் புதுப் பெட்டி வந்தது. இறக்கியதும் புதுசு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கதவைச் சுற்றி விரல் தடிமனுக்கு ரப்பர் பட்டை. மேலே சாய்வான மழைக்கூரை. பக்கத்தில் வடிகட்டியோடு சின்ன மின்விசிறி. உள்ளே ஈரம் தங்காதிருக்கச் சூடேற்றி. கதவைத் திறந்தால் தானாக எரியும் விளக்கு. பார்ப்பதற்குக் கண்ணாடிச் சாளரம். எர்த் பிடிக்கப் பித்தளை போல்ட். மூன்று எண்களும் பொறித்த தகடு. அவ்வளவு பெரிய பெட்டிக்குள் சாமான் பொருத்துவதற்கான இரும்புத் தட்டு மட்டும் மொட்டையாக நின்றது. புதுசு அந்தக் கதவைத் திறந்து மூடினார். மறுபடியும் திறந்து மூடினார். மூடும்போது முத்தம் கொடுத்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. அவர் கண் கலங்கிற்று.

“எப்ப சார் மாத்தறோம்?” என்று கேட்டார்.

“என்ன மாத்தறது?”

“பழைய பெட்டியில இருக்கிற சுவிட்ச், ஸ்டார்ட்டர் எல்லாம் இதுக்குள்ள...”

கொள்முதல் அதிகாரி சிரித்தார். “நாங்க அடைப்புத் தேர்வுக் குழு. அடைப்பைத் தேர்ந்தெடுத்தாச்சு. உள்ள வர்றதெல்லாம் உள்ளடக்கப் பிரிவு.”

உள்ளடக்கப் பிரிவு, லைனை நிறுத்தினால்தான் வயரைத் தொடுவோம் என்றது. லைனை நிறுத்தினால் தண்ணீர் நிற்கும். ஊருக்குத் தண்ணீரை ஒரு பொழுதுகூட நிறுத்த முடியாது என்றது விநியோகப் பிரிவு. அரை நாள் வேலை என்று வயர்மேன் சொன்னதை இரண்டு பிரிவுகளும் ஏற்றுக்கொண்டன. எந்த அரை நாள் என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. பழைய பெட்டிக்கு எதிரில் புதுப் பெட்டி காலியாக நின்றது. அதன் பளபளப்பில் பழைய பெட்டி தெரிந்தது. சில காலைகளில், பலகையின் மேல் யாரோ நிற்பதும் அதில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் பலகை வெறுமையாக இருக்கும்.

அக்கா அப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடவில்லை. “கதவு வந்துடுச்சுன்னியே? அப்புறமும் எதுக்குடா கழியைக் கையில எடுக்கறே?”

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் பாதுகாப்பு அதிகாரி. குழுவின் முன் அவர் பேசிய பேச்சு பின்னால் சுற்றறிக்கையாகவே அச்சிடப்பட்டது.

“அடைப்பு எதுக்கு? ஆபத்து ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம், நடுவுல ஒரு தகடு. இதானே தத்துவம்? ஆபத்தை உள்ள வெச்சு ஆளை வெளிய நிறுத்தலாம். இல்லேன்னா ஆளை உள்ள வெச்சு ஆபத்தை வெளிய விடலாம். தகட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆபத்தை நகர்த்தணும்னா ரெண்டு பிரிவு அனுமதி வேணும். ஆளை நகர்த்த ஒரு உத்தரவு போதும்.”

மறுவாரமே பெட்டிக்குள் ஒரு முக்காலி போடப்பட்டது. புதுசு உள்ளே உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றிற்று. வசதியாகத்தான் இருந்தது.

“சார், நான் உள்ள இருந்தா பட்டனை எப்படி அமுக்கறது? கழி போற மாதிரி ஒரு ஓட்டை...”

பாதுகாப்பு அதிகாரி அதிர்ந்துபோனார். “ஓட்டையா? ஓட்டை போட்டா எண் போயிடும்யா! இந்தப் பெட்டிக்கு எவ்வளவு பெரிய எண் தெரியுமா?”

கதவு சாத்தப்பட்டது. உலகத்தின் சத்தம் கத்தியால் அறுத்ததுபோல் நின்றது. தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பார்க்கக் குழாயால் பீய்ச்சி அடித்தார்கள். சாளரத்தில் தண்ணீர் வழிந்தது. குழுவினர் மூவரும் குனிந்து கதவின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், வழியும் தண்ணீருக்கு அப்பால், யாரோ பலகையின் மேல் ஏறுவதைப் புதுசு பார்த்தார். கட்டம் போட்ட சட்டை. கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். இடது கையால் கழியை எடுத்தார். வலது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. முகம் தெரியவில்லை. முகம் தெரிந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. மோட்டார் ஓடத் தொடங்கியதைப் புதுசு காதால் கேட்கவில்லை. பெட்டியின் அடித்தகடு வழியாகக் காலில் உணர்ந்தார்.

கதவு திறந்தபோது குழு கைதட்டிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் உள்ளே, ஒரு சொட்டு ஈரம் இல்லை, மோட்டார் ஓடுகிறது.

“நான் அமுக்கல சார். எங்கத்தான்தான் அமுக்கினாரு.”

தலைவர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். பாதுகாப்பு அதிகாரி சற்று யோசித்தார். “இறந்தவருக்கு மறுபடியும் ஆபத்து நேர வாய்ப்பில்ல சார். பாதுகாப்புக் கோணத்துல பாத்தா இவரைவிட அவருதான் தகுதியானவரு.”

முந்தைய ஆபரேட்டர் மறுபடியும் பணியில் சேர்க்கப்பட்டதாக உத்தரவு வந்தது. இறந்த நாளிலிருந்து இதுவரையுள்ள காலம் விடுப்பாகக் கருதப்படும். புதுசு வழக்கம்போல் பெட்டிக்குள் அமர்ந்து மேற்பார்வை செய்ய வேண்டும்.

மறுநாள் சாளரம் உலர்ந்திருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அத்தான் பலகையில் ஏறினார், கையைத் துடைத்தார், பட்டனை அமுக்கினார். அமுக்கியதும் அவர் உடம்பு வில்லாக விறைத்தது. கழுத்து பின்னால் மடங்கிற்று. அப்படியே நின்றார்; பிறகு விழுந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது, தலைச்சுமையை இறக்கி வைத்தவர்போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். அதற்கும் மறுநாள், பலகையில் ஏறுவதற்குமுன் அத்தான் ஒரு தடவை பெட்டியின் சாளரத்தைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் புதுசு தாங்கியிருப்பார். நீ உள்ளே இருக்கிறாய்தானே என்று உறுதி செய்துகொள்வதுபோல் பார்த்தார்.

புதுசு தலைவரிடம் ஓடினார். “சார், அவரு தினமும் சாகறாரு சார்!”

“மோட்டார் நிக்குதா?”

“இல்ல சார்.”

“தண்ணி?”

“நல்லா வருது சார்.”

“அப்ப அது அவரோட பணிமுறை. அதுல எல்லாம் நாம தலையிடக் கூடாது.”

வீட்டில் சொல்லவேண்டாம் என்றுதான் புதுசு இருந்தார். ஆனால் ஒரு காலையில் அக்கா, “இப்பல்லாம் எனக்குப் பயமே இல்லடா. நீ பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கே. இப்ப யாரு அமுக்கறா?” என்று கேட்டாள். புதுசுவால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. குழாய் திறந்தே இருந்தது. அதை இறுக்கி மூடினாள்.

“எந்தப் பக்கமா நிப்பாரு?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் தம்பியோடு அவளும் கிளம்பினாள். இத்தனை காலத்தில் அவள் அந்த அறைக்குள் காலடி வைத்ததில்லை. “நீ உன் பெட்டிக்குள்ள போ,” என்றாள். புதுசு போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தான் வந்தார். பலகையில் ஏறிக் கையைத் துடைத்தார். கழியை எடுத்துக்கொண்டு திரும்பியவர் எதிரில் அக்கா நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அக்கா பேசினாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நடுவில் ஒரு தடவை திட்டியதுபோல் இருந்தது. ஒரு தடவை சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவள் என்ன சொன்னாள் என்பது புதுசுவுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. அவ்வளவு தரமான பெட்டி.

அத்தான் கழியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பலகையிலிருந்து இறங்கினார். இரண்டு பேரும் வாசல் வழியாக வெளிச்சத்துக்குள் போனார்கள். அக்கா மெதுவாக, கூட வருபவரின் நடைக்கு ஏற்ப நடந்தாள்.

மோட்டார் ஓடவில்லை. புதுசு கதவைத் திறந்து வெளியே வந்து, பெட்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறுவதற்குள் ஊர்க் குழாய்கள் எல்லாம் காற்றை மட்டும் விட்டன. விநியோகப் பிரிவு ஆட்கள் வந்தார்கள். கொள்முதல் அதிகாரி வந்தார். பாதுகாப்பு அதிகாரி வந்தார். கடைசியாக, காதுமடலில் சோப்பு நுரை காய்ந்துபோயிருக்கத் தலைவர் வந்தார்.

“என்னய்யா உக்காந்திருக்கே? பட்டனை அமுக்கு!”

“எனக்குப் பெட்டிக்குள்ள இருக்கச் சொல்லித்தான் சார் உத்தரவு. அமுக்கறவரு போயிட்டாரு.”

“எங்க போயிட்டாரு?”

“அக்கா வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.”

கழி சுவரில் சாய்ந்திருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள். பலகை ஈரமாக இருந்தது.

“நீங்க பாதுகாப்பு. தலைக்கவசம் வேற போட்டிருக்கீங்க,” என்றார் கொள்முதல் அதிகாரி.

“நான் ஆலோசனைப் பதவி. நீங்க அமுக்குங்க சார், நீங்கதான் மூத்தவரு,” என்றார் பாதுகாப்பு அதிகாரி, தலைவரிடம்.

தலைவர் கழியை எடுத்தார். அதன் நுனியில் கருகியிருந்த இடத்தைக் கண்டதும், குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல் அதைத் திரும்பவும் சுவரில் சாய்த்தார். அவர் வாசலுக்கு வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேறு குரலில் சொன்னார்: “வயர்மேனைக் கூப்பிடுங்க.”

லைனை நிறுத்துவதில் இப்போது தடை இருக்கவில்லை. நிறுத்துவதற்குத் தண்ணீரே இல்லாததால் விநியோகப் பிரிவின் அனுமதி தேவைப்படவில்லை. மத்தியானத்துக்குமேல், ஸ்டார்ட்டரும் மெயின் சுவிட்சும் புதுப் பெட்டியின் இரும்புத் தட்டில் ஏறின. கேபிள் நுழையும் ஓட்டைகளில் அடைப்பு இறுகிற்று. எர்த் கம்பி பித்தளை போல்ட்டில் பிடிக்கப்பட்டது. “முக்காலியை எங்கய்யா போடறது?” என்று கேட்டுச் சிரித்தார் வயர்மேன். புதுசு கதவை மூடி, கதவின் வெளிப்புறத்தில் வயர்மேன் பொருத்தியிருந்த பட்டனை வெறும் விரலால் அமுக்கினார். மோட்டார் ஓடிற்று. அவர் பின்னால் திரும்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தரை காய்ந்திருந்தது.

குழுவுக்கு அந்த வருடத்தின் சிறந்த குழு என்று பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அந்த மாதத்திலேயே வாரியத்திலிருந்து அக்கா வீட்டு முகவரிக்கு ஒரு கடிதமும் வந்தது. அது புதுசுவுக்கு அல்ல, அத்தான் பெயருக்கு. புதுசு அதைப் பிரித்து, கூடத்தில் நின்றபடி சத்தமாகப் படித்தார்.

“முன்னறிவிப்போ அனுமதியோ இன்றிப் பணியிடத்தை விட்டு நீங்கி, ஊருக்குத் தண்ணீர் தடைபடக் காரணமாக இருந்தமைக்காக, தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதை நேரில் ஆஜராகி...”

அக்கா சமையலறையிலிருந்து வேகமாக வந்து, உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

“மெதுவாப் படிடா,” என்றாள். “இப்பத்தான் கண்ணசந்திருக்காரு.”